வரைபடம் நம் கைக்கு வரவேண்டும்

(கழகத்தின் வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் கல்வி அரங்கில் ஆற்றிய உரை)



வெள்ளி விழா மேடையில் பேசுவோர் கடந்து வந்த பாதையைப் பேசுவர். இனிச் செல்ல வேண்டிய பாதையையும் பேசுவர். அவ்விரண்டையும் நமக்கு முன் பேசிய பெரியோர்கள் செவ்வனே எடுத்துரைத்தார்கள். எங்களுக்கு இடப்பட்ட பணி சிறியது. மாணவர்க்கு நாளைக் காலையிலேயே பயன்படக்கூடிய ஒன்றைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். எனவே ஒரே ஒரு தாளைப் பற்றிப் பேச வந்திருக்கின்றோம். அது அச்சிட்டு எடுக்கத்தக்க மாநில வரைபடம். நகலெடுக்கும் கடையில் சில ரூபாய்க்குள் கிடைத்துவிடும் அத்தாள், நம் இளைஞர் கையில் எத்தனை வேலை செய்யும் என்பதே எங்கள் பேச்சின் பொருள்.

இப்பொருளை நாங்கள் தேர்ந்துகொண்டமைக்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், நம் மாலைப் பள்ளியில் பயின்ற மாணவி ஒருத்தி பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றாள். எந்தக் கல்லூரிக்கு விண்ணப்பிப்பது என எங்களிடம் கேட்டாள். நம் மாவட்டத்தின் மறுகோடியிலுள்ள கல்லூரி ஒன்றை நாங்கள் சொன்னோம். அடுத்த மாவட்டத்துக் கல்லூரி, ஆதிதிராவிடர் நல மாணவியர் விடுதி அருகிலிருக்க, நம் ஊரிலிருந்து அதைவிடக் குறைந்த தொலைவில் இருந்தது. அது எங்கள் நினைவுக்கே வரவில்லை. "மாவட்டம் வேறு" என்றதும் தொலைவு என்று எண்ணிவிட்டோம். அம்மாணவி நாள்தோறும் மூன்று பேருந்து மாறிச் சென்றாள்; முதற் பருவம் முடிவதற்குள் படிப்பை நிறுத்திவிட்டாள். அன்று மாநில வரைபடம் ஒன்றை விரித்துவைத்து அளவுகோலால் அளந்திருந்தால் அத்தவறு நேர்ந்திராது. வரைபடம் அப்பொழுதும் நம் பள்ளிச் சுவரில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. அதைப் பார்த்தோமே ஒழியப் படிக்கவில்லை. அக்குறை எங்களுடையது; அதனை இங்கு ஒப்புக்கொள்வதில் எங்களுக்கு வெட்கமில்லை.

நிலத்தை அறிதல் நம் மக்களுக்குப் புதியதன்று. ஊர்களுக்கிடையே எல்லைத் தகராறு எழுந்தபோது நம் முன்னோரை அழைத்து, தலையில் நீர்க்குடம் ஏந்தி எல்லையை நடந்து காட்டச் சொன்ன வழக்கத்தை 19ஆம் நூற்றாண்டின் ஆங்கிலேய அதிகாரிகள் எழுதிவைத்திருக்கின்றனர். அவர்கள் நடந்த வழியே எல்லை என ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஊரின் எல்லைக் கல்லும், ஓடையின் வளைவும், ஏரியின் மடையும் அவர்கள் கால்களுக்குத் தெரிந்திருந்தன. ஆனால் அவ்வறிவு காலிலேயே நின்றுவிட்டது, தாளுக்கு வரவில்லை. தாள் வேறொருவர் கைக்குச் சென்றது.

தாளில் நிலம் ஏறிய வரலாறும் நம் மண்ணில் தொடங்கியதே. 1794ஆம் ஆண்டு சென்னையில் நில அளவைப் பள்ளி ஒன்று தோன்றியது. அதுவே வளர்ந்து இன்றைய கிண்டிப் பொறியியல் கல்லூரியாயிற்று. 1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள், வில்லியம் லாம்டன் என்னும் படை அதிகாரி பரங்கிமலை அருகே அடிக்கோடு ஒன்றை அளக்கத் தொடங்கினார். எஃகுச் சங்கிலி கொண்டு அளக்கப்பட்ட அக்கோட்டின் நீளம் ஏறத்தாழ ஏழரை மைல். அக்கோட்டின்மேல் முக்கோணங்களை அடுக்கிக்கொண்டே சென்றுதான் இந்நாடு முழுமையும் அளக்கப்பட்டது. இன்று நாம் அச்சிட்டு எடுக்கும் தமிழ்நாட்டு வரைபடத்தின் வேர் அந்த அடிக்கோட்டில் இருக்கின்றது.

வரைபடத்தை வெறும் பள்ளிப் பாடமாக எண்ணாத பெருந்தலைவர் ஒருவரை இங்கு நினைவுகூர வேண்டும். அண்ணல் அம்பேத்கர் அவர்கள் 1955ஆம் ஆண்டு மொழிவழி மாநிலங்கள் பற்றிய தம் சிந்தனைகளை நூலாக வெளியிட்டார். அந்நூலில் புள்ளிவிவர அட்டவணைகளோடு வரைபடங்களையும் இணைத்திருந்தார். உத்தரப் பிரதேசத்தை மூன்றாகவும், பீகாரைப் பாட்னா, இராஞ்சி ஆகிய தலைநகரங்களையுடைய இரு மாநிலங்களாகவும் பிரிக்கலாம் எனக் கோடிட்டுக் காட்டினார். மாநிலத்தின் எல்லை எங்கே விழுகின்றது என்பதைப் பொறுத்துச் சிறுபான்மையோரின், தாழ்த்தப்பட்டோரின் நிலை மாறும் என்பது அவர் கவலை. 2000ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் பீகாரிலிருந்து ஜார்க்கண்ட் பிரிந்தது. அதன் தலைநகர் இராஞ்சியே. எல்லைக்கோடு ஒவ்வொன்றும் மக்கள் வாழ்வைத் தொடும் கோடு என்பதை அண்ணல் அறிந்திருந்தார். நாமும் அறிதல் வேண்டும்.

இனி, செய்முறைக்கு வருவோம்.

மாநில வரைபடத்தில் நமக்கு மிகுதியும் பயன்படுவது எல்லைக்கோட்டு வரைபடம். மாநில எல்லையும் மாவட்ட எல்லைகளும் மட்டும் கறுப்புக் கோட்டில் இருக்கும்; உள்ளே வெறுமையாக இருக்கும். வண்ணம் நிறைந்த படம் கண்ணுக்கு அழகு; வெறுமையான படமோ கைக்கு வேலை கொடுக்கும். எழுதவும், வண்ணம் தீட்டவும், அழித்து மீண்டும் எழுதவும் உகந்தது அதுவே. கறுப்பு மையில் அச்சாவதால் செலவும் குறைவு.

எல்லைகளுக்கு நம்பத்தக்கது, 1767 முதல் இயங்கிவரும் இந்திய நில அளவைத் துறையின் படம். அத்துறை 1:50,000 அளவுள்ள தலப்படங்களை 2017 முதல் இணையத்தின் வழியே பொதுமக்களுக்கு இலவசமாக வழங்கி வருகின்றது. கிடைத்த இடத்திலெல்லாம் எடுத்த படத்தை நம்பி அச்சிடலாகாது. நாட்டின் எல்லையைத் தவறாகக் காட்டும் படங்களும் உலவுகின்றன. நில அளவைத் துறையின் எல்லைக்கு மாறாக இந்திய வரைபடத்தை வெளியிடுவது சட்டப்படி குற்றமுமாகும். விழா மலருக்கோ சுவரொட்டிக்கோ படம் எடுப்போர் இதனை மனத்தில் இருத்துக.

படம் கிடைத்தபின் எந்த அளவில் அச்சிடுவது? இதற்குக் கணக்கு எளிது. தமிழ்நாடு வட அட்சம் 8 பாகை 5 கலை முதல் 13 பாகை 35 கலை வரை பரவியுள்ளது. அதாவது தெற்கு வடக்காக ஐந்தரைப் பாகை. ஒரு பாகைக்கு ஏறத்தாழ 111 கிலோமீட்டர். எனவே தெற்கு வடக்கு நீளம் ஏறத்தாழ 610 கிலோமீட்டர். கிழக்கு மேற்கு அகலம் ஏறத்தாழ 445 கிலோமீட்டர். கடையில் கிடைக்கும் ஏ4 தாளின் அகலம் 21 சென்டிமீட்டர், நீளம் 29.7 சென்டிமீட்டர். ஒரு சென்டிமீட்டருக்கு 25 கிலோமீட்டர் எனக் கொண்டால், நம் மாநிலம் இருபத்து நான்கரை சென்டிமீட்டர் உயரமும் பதினெட்டு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த அகலமும் பெறும். தாளில் ஓரம் விட்டு அழகாக அமர்ந்துவிடும். இதனைப் பின்ன வடிவில் 1:25,00,000 என எழுதுவர். இந்த அளவை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்; அளவுகோல் ஒன்றே நமக்கு மாநிலத்தை அளந்து சொல்லும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. அச்சுப்பொறி, தாளுக்கு ஏற்பப் படத்தைத் தானாகவே சுருக்கிவிடுவதுண்டு. அவ்வாறு சுருங்கினால், படத்தின் அடியில் அச்சாகியிருக்கும் 1:25,00,000 என்னும் பின்னம் பொய்யாகிவிடும். ஆனால் அதனருகே வரையப்பட்டிருக்கும் கோட்டு அளவை பொய்யாகாது. படம் சுருங்கினால் அதுவும் சேர்ந்து சுருங்கும். ஆதலின் கோட்டு அளவை உள்ள படத்தையே தேர்க. அச்சிட்டவுடன் அக்கோட்டின்மேல் அளவுகோலை வைத்துப் பார்த்து, "ஒரு சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோமீட்டர்" என உங்கள் கையாலேயே தாளின் ஓரத்தில் எழுதிவிடுக.

சுவரில் மாட்டுவதற்குப் பெரிய படம் வேண்டுமாயின் விலை கொடுத்து வாங்க வேண்டுவதில்லை. ஏ4 படத்தை நான்கு கால்பகுதிகளாக்கி, ஒவ்வொன்றையும் இரு மடங்காக்கி, நான்கு தாள்களில் எடுத்து ஒட்டினால் ஒரு சென்டிமீட்டருக்கு பன்னிரண்டரை கிலோமீட்டர் காட்டும் சுவர்ப்படம் கிடைக்கும். நகலெடுக்கும் கடை இல்லாத ஊரிலும் வழியுண்டு. சிறிய படத்தின்மேல் ஒரு சென்டிமீட்டர்க் கட்டங்கள் வரைக. பெரிய தாளில் இரண்டு சென்டிமீட்டர்க் கட்டங்கள் வரைக. ஒவ்வொரு கட்டத்திலும் கோடு எங்கே நுழைந்து எங்கே வெளியேறுகின்றது எனப் பார்த்து வரைந்து செல்க. இவ்வாறு ஒருமுறை தன் கையால் வரைந்த மாணவன் தமிழ்நாட்டின் உருவத்தை எளிதில் மறவான்.

படத்தைக் கையில் எடுத்தவுடன் ஐந்து செய்திகளைப் பார்த்தல் வேண்டும். தலைப்பு யாது? திசை எது? அளவை எவ்வளவு? குறியீடுகளின் பொருள் என்ன? எந்த ஆண்டின் படம்? இவ்வைந்தனுள் நம்மவர் பெரிதும் மறப்பது ஐந்தாவது. 1956 நவம்பர் முதல் நாள் மாநிலச் சீரமைப்பு நடைபெற்றபோது கன்னியாகுமரியும் செங்கோட்டையும் நம் மாநிலத்தில் சேர்ந்தன. 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சேர்ந்தது. மாவட்டங்களோ தொடர்ந்து பிரிந்து வந்தன. 2019இன் தொடக்கத்தில் 32 மாவட்டங்கள். அவ்வாண்டிலேயே கள்ளக்குறிச்சி, தென்காசி, செங்கல்பட்டு, இராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகிய ஐந்தும், 2020இல் மயிலாடுதுறையும் தோன்ற, எண்ணிக்கை 38 ஆயிற்று. நம் கழகத்தின் முதற் சுவர்ப்படத்தில் திருப்பூரும் மாவட்டமாக இல்லை. தென்காசியும் மாவட்டமாக இல்லை. அதை வைத்துக்கொண்டு இன்றைய தேர்வுக்குப் படித்தால் மதிப்பெண் போகும்.

இதனினும் ஆழ்ந்த செய்தி ஒன்றுண்டு. 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவில் 44 உயிர்கள் தீக்கிரையான கீழ்வெண்மணியை நம்மில் அறியாதார் இலர். அக்காலத்து ஏடுகளில் அவ்வூர் தஞ்சை மாவட்டம் என்றிருக்கும். இன்றைய படத்தில் அது நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருக்கின்றது; அம்மாவட்டம் 1991இல்தான் பிரிந்தது. ஊர் நகரவில்லை, கோடு நகர்ந்தது. ஆண்டை அறியாது படத்தைப் படிப்போர் நம் வரலாற்றையே தவறான மாவட்டத்தில் தேடுவர்.

இனி, இத்தாளின் பயன்களை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதற்பயன் தேர்வு. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில், சமூக அறிவியல் வினாத்தாளில், வரைபடத்தில் இடங்குறிக்கும் வினா உண்டு. கட்டுரை வினாவில் மொழித் திறன், கையெழுத்து, திருத்துவோர் கருத்து எனப் பல குறுக்கிடலாம். வரைபட வினாவிலோ புள்ளி சரியான இடத்தில் இருந்தால் மதிப்பெண், இல்லையேல் இல்லை. வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆளில்லாத பிள்ளைக்கும் முழு மதிப்பெண் தரக்கூடிய வினா அது. வாரத்திற்கு ஒரு வெற்றுப்படம் எடுக்க. முதல் வாரம் ஆறுகள். அடுத்த வாரம் மலைகள். பின்னர் அணைகள், துறைமுகங்கள், பயிர் விளையும் பகுதிகள். பாடநூலை மூடிவைத்துக் குறிக்க, திறந்துவைத்துத் திருத்துக. தவறிய இடங்களை மட்டும் மறுநாள் மீண்டும் குறிக்க. அரசுப் பணித் தேர்வு எழுதுவோர்க்கும் இப்பயிற்சி துணை செய்யும்.

இரண்டாம் பயன் தொலைவறிதல். சென்னையிலிருந்து மதுரைக்கு நம் ஏ4 படத்தில் நேர்கோடு இழுத்தால் ஏறத்தாழ 17 சென்டிமீட்டர் வரும்; 25ஆல் பெருக்கினால் 425 கிலோமீட்டர். சாலை வளைந்து செல்வதால் உண்மைத் தொலைவு சற்று மிகும். வளைவோடு அளக்க வேண்டுமாயின், சாலைக்கோட்டின்மேல் ஒரு நூலை வளைத்து வைத்து, அந்நூலை அளவுகோலில் நீட்டிப் பார்க்க. இவ்வாறு நம் ஊரை நடுவாகக் கொண்டு, கவராயத்தால் இரண்டு சென்டிமீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் வரைக. அது 50 கிலோமீட்டர் வட்டம். அவ்வட்டத்துள் எத்தனை மாவட்டங்கள் வந்து விழுகின்றன எனப் பாருங்கள்! அரசுக் கல்லூரிகள், தொழிற்பயிற்சி நிலையங்கள், நல விடுதிகள் ஆகியவற்றை அதனுள் புள்ளியிட்டுக் குறியுங்கள். முன்னர்ச் சொன்ன மாணவிக்கு நாங்கள் செய்யத் தவறியது இதுவே. இப்பொழுது நம் கழகத்தில் பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்தவுடன் இவ்வட்டத்தை வரையாமல் எவருக்கும் யோசனை கூறுவதில்லை.

கைப்பேசியே வழிகாட்டுகின்றதே, தாள் எதற்கு என இளைஞர் கேட்கலாம். வழியைக் கைப்பேசி நன்றாகவே காட்டும். நீங்கள் கேட்ட ஓரிடத்துக்கு வழி சொல்லும். நீங்கள் கேட்க மறந்த இடத்தைச் சொல்லாது. தாள் முழுப்பரப்பையும் ஒருசேரக் கண்முன் விரிக்கின்றது. பத்துப் பேர் சுற்றி அமர்ந்து விரல் வைத்துப் பேசவும் இடந்தருகின்றது. இரண்டும் வேண்டும்.

மூன்றாம் பயன் மக்கள்தொகைக் கணக்கைக் கண்ணால் காண்பது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் பட்டியல் இனத்தவர் ஏறத்தாழ 20 விழுக்காடு, ஐவரில் ஒருவர். எல்லா மாவட்டத்திலும் இவ்வாறேயா? அன்று. திருவாரூரில் ஏறத்தாழ 34 விழுக்காடு. கன்னியாகுமரியில் ஏறத்தாழ 4 விழுக்காடு. ஓர் எல்லைக்கோட்டுப் படத்தை எடுத்து, பத்துக்குக் கீழ், பத்து முதல் இருபது, இருபது முதல் முப்பது, முப்பதுக்கு மேல் என நான்கு வகை செய்து, வெளிர்நிறம் முதல் அடர்நிறம் வரை தீட்டுங்கள். காவிரிக் கழிமுகத்தில் திருவாரூரும் நாகப்பட்டினமும் அடர்நிறம் பெறும். நெல் வயலையும் கூலி உழைப்பையும் நினைத்தால் காரணம் விளங்கும். ஆயின் மேற்கே தனித்து நீலகிரியும் அடர்நிறம் பெறுவது ஏன்? அங்கே தேயிலைத் தோட்டங்கள்; தலைமுறை தலைமுறையாகத் தோட்டத்திற்குக் கொண்டுவரப்பட்ட உழைப்பாளர்; 1964ஆம் ஆண்டின் இந்திய இலங்கை ஒப்பந்தத்திற்குப்பின் தாயகம் திரும்பிக் குடியமர்த்தப்பட்டோர். அட்டவணையில் எண்ணாகக் கிடந்தது, படத்தில் கேள்வியாக எழுகின்றது.

இவ்வேலையில் இரு விதிகளை மறவாதீர்கள். ஒன்று, தலை எண்ணிக்கையை வைத்து வண்ணம் தீட்டலாகாது. விழுக்காட்டை வைத்தே தீட்டுக. எண்ணிக்கையை வைத்தால் மக்கள் மிகுந்த மாவட்டமெல்லாம் அடர்நிறம் பெற்று, உண்மை மறைந்துவிடும். மற்றொன்று, 2011ஆம் ஆண்டின் கணக்கு 32 மாவட்டங்களுக்கு உரியது. அதனை 38 மாவட்டப் படத்தில் தீட்ட இயலாது. பழைய கணக்குக்குப் பழைய எல்லைப்படமே வேண்டும். ஆகவே பழைய படத்தை எறிந்துவிடாதீர்கள். ஆண்டைக் குறித்துப் பெட்டியில் வையுங்கள்.

நான்காம் பயன் தேர்தல் தொகுதிகளை அறிதல். 2008ஆம் ஆண்டுத் தொகுதி மறுவரையறையின்படி நம் மாநிலத்தின் 234 சட்டமன்றத் தொகுதிகளில் பட்டியல் இனத்தவர்க்கு 44, பழங்குடியினர்க்கு 2. 39 நாடாளுமன்றத் தொகுதிகளில் பட்டியல் இனத்தவர்க்கு 7. இவ்வெண்ணிக்கையை ஒப்பிப்போர் பலர்; அவை எங்கே இருக்கின்றன எனக் காட்டுவோர் சிலர். தொகுதி எல்லை வேறு, மாவட்ட எல்லை வேறு என்பதும் தொகுதிப் படத்தைக் கண்டால்தான் விளங்கும். மக்கள்தொகைப் படத்தையும் தொகுதிப் படத்தையும் ஒரே அளவில் அச்சிட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எந்த மேடைப் பேச்சும் தராத தெளிவு கிட்டும்.

நண்பர்களே! இதுகாறும் மாநிலப் படத்தின் வலிமையைச் சொன்னோம். அதன் எல்லையையும் சொல்லிவிடுதல் கடன். நம் ஏ4 படத்தில் ஒரு மில்லிமீட்டர் இரண்டரைக் கிலோமீட்டர். பேனாவால் தடித்த கோடு ஒன்று இழுத்தாலே ஓர் ஊர் மறைந்துவிடும். அங்கே நம் குடியிருப்பும் இல்லை. நம் சுடுகாடும் இல்லை. மாநிலப் படத்தைக் காட்டி எவரும் ஒரு கெஜம் நிலத்தையும் கேட்க முடியாது. அதற்குக் கிராம வரைபடமும் புல வரைபடமும் வேண்டும். மாநிலப் படத்தில் அளவையும் திசையும் குறியீடும் படிக்கப் பழகியவனுக்கு அவையும் எளிதில் விளங்கும்.

நமக்கு அண்டையிலுள்ள ஊர் ஒன்றில் நடந்ததைச் சொல்கின்றோம். அங்கே நம் மக்களின் சுடுகாட்டுக்குச் செல்லும் வழி பல்லாண்டுகளாக உழுது வயலோடு சேர்க்கப்பட்டிருந்தது. மழைக்காலத்தில் பாடையைச் சுமப்போர் வரப்பின்மேல் கால் வழுக்கி நடப்பர். வழி வேண்டுமென மனுமேல் மனுக் கொடுத்தனர். போதிய ஆதாரம் இல்லையென மனுக்கள் திரும்பின. நம் கழகத்தில் வரைபடம் பழகிய இளைஞர் இருவர் அவ்வூரின் கிராம வரைபடத்து நகலைப் பெற்றுப் பார்த்தனர். இரு வயல்களுக்கிடையே ஒடுக்கமான நீண்ட துண்டு ஒன்று தனிப் புல எண்ணோடு இருந்தது. அ பதிவேட்டில் அவ்வெண்ணைத் தேடினர். வண்டிப்பாதைப் புறம்போக்கு என்றிருந்தது. புல வரைபடத்தில் அதன் நீள அகல அளவுகள் இருந்தன. அடுத்த ஜமாபந்தியில் கொடுத்த மனுவில், வழி வேண்டும் என அவர்கள் கெஞ்சவில்லை. இன்ன எண்ணுள்ள பாதைப் புறம்போக்கை அளந்து கல் நடுக என்று எழுதி, மூன்று நகல்களையும் இணைத்தனர். நில அளவையர் வந்து அளப்பதற்கு ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. பாதையின் முழு அகலமும் இன்னும் மீளவில்லை. ஆயினும் இன்று அவ்வூரில் பாடை வரப்பின்மேல் செல்வதில்லை.

இவ்வாறே பஞ்சமி நிலத்தின் செய்தியும். செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் திரமென்ஹீர் நம் மக்களின் நிலையை ஆராய்ந்து அளித்த அறிக்கையின் பயனாக, 1892ஆம் ஆண்டு நம்மவர்க்கு நிலம் ஒப்படை செய்ய அரசு ஆணை பிறந்தது. முதற் பத்தாண்டுகள் எவருக்கும் கைமாற்றலாகாது. அதன் பின்னரும் நம் வகுப்பாருக்கன்றிப் பிறருக்கு மாற்றலாகாது என்பது நிபந்தனை. அந்நிலங்களில் பல கைமாறிய கதையை நீங்கள் அறிவீர்கள். "எங்கள் பாட்டன் நிலம் அந்தப் பனைமரத்துப் பக்கம்" என்று சொல்வது நினைவு. அரசு அலுவலகத்தில் அது செல்லாது. புல எண், பதிவேட்டுச் சான்று, வரைபடம் மூன்றும் கூடினால்தான் அந்நினைவு வழக்காகும். இன்று தமிழ்நாடு அரசின் நிலப் பதிவேட்டு இணையதளத்தில் பட்டா, அ பதிவேடு, புல வரைபடம் ஆகியவற்றைப் பார்க்கவும் அச்சிடவும் இயலும். ஒரு காலத்தில் கணக்குப்பிள்ளையின் மரப்பெட்டியில் பூட்டிக் கிடந்தவை இன்று நம் பிள்ளைகளின் கைக்கு எட்டும் தொலைவில் உள்ளன. எட்டி எடுக்கும் பயிற்சியே நமக்குத் தேவை.

நிறைவாக, இவ்வெள்ளி விழா ஆண்டில் நம் இளைஞர்க்கு நான்கு பணிகளை முன்வைக்கின்றோம். மாலைப் பள்ளி தோறும் இவ்வாண்டின் மாவட்டங்களைக் காட்டும் சுவர்ப்படம் ஒன்றை மாணவர் கையாலேயே நான்கு தாளில் ஒட்டி மாட்டுக. பத்தாம் வகுப்பு மாணவர் ஒவ்வொருவர்க்கும் வாரம் ஒரு வெற்றுப்படம் கழகச் செலவில் வழங்குக. நம் ஊரைச் சுற்றிய 50 கிலோமீட்டர் வட்டப் படத்தில் கல்லூரிகளையும் விடுதிகளையும் குறித்து ஆண்டுதோறும் புதுப்பிக்க. நான்காவதாக, அவரவர் ஊரின் கிராம வரைபடத்து நகல் ஒன்றைப் பெற்று, நம் குடியிருப்பு, கிணறு, சுடுகாடு, அதற்குச் செல்லும் பாதை ஆகியவற்றின் புல எண்களைக் குறித்து, கழக நூலகத்தில் கோப்பாக வைக்க. முதல் மூன்றும் ஒரு மாதத்தில் முடியும் வேலை. நான்காவதற்கு நாளாகும், அலைச்சலும் உண்டு. ஆனால் அக்கோப்பு நம் பேரப்பிள்ளைகளுக்கும் உதவும்.

தலையில் குடமேந்தி எல்லை காட்டிய முன்னோரின் வழித்தோன்றல்கள் நாம். அவர்கள் நடந்த எல்லை பிறர் தாளில் ஏறியது. அத்தாளைப் படிக்கவும், அளக்கவும், வேண்டுமிடத்து அதனை எடுத்துக்காட்டிப் பேசவும் நாம் கற்றுக்கொள்வோம். அரங்கின் வாயிலில் மாணவர்க்கென எல்லைக்கோட்டுப் படங்கள் அடுக்கி வைக்கப்பட்டுள்ளன. வீடு திரும்புமுன் ஆளுக்கொன்று எடுத்துச் செல்லுங்கள்; இன்றிரவே அதில் உங்கள் ஊர் எங்கே என ஒரு புள்ளி இடுங்கள்.